உங்களுக்குத் தெரியுமா? மலைப்பாம்புக் குட்டிக்கு முதல் கவளம்

மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடைக்கு வருகிறவர்களில் ஒருவர் இளவயதில் பாம்புகளைப் பராமரிக்கும் வேலை பார்த்தவர். மூன்று சுற்று முடிந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார்: "பாம்பு பிடிக்கிறது பெரிய வித்தை இல்ல சார். பொறந்த மலைப்பாம்புக் குட்டிய முதல் வாய் சாப்பிட வைக்கிறதுதான் வித்தை." அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அவரையும் புத்தகங்களையும் குடைந்ததில் தேறியவை இவை.

● மலைப்பாம்புக் குட்டி முட்டையிலிருந்து ஒரே மூச்சில் வெளியே வருவதில்லை. மேல்தாடை நுனியில் ஒரு சின்ன முட்டைப்பல் இருக்கும். அதனால் தோல் போன்ற ஓட்டைக் கீறி, மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள்கூடக் கிடக்கும். நம் நிழல் பட்டால் தலையைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் மிச்சமிருக்கும் மஞ்சள் கரு அதன் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. உதவி செய்வதாக நினைத்து வெளியே இழுத்துவிட்டால் கெட்டது காரியம். முட்டைப்பல் வேலை முடிந்ததும் தானே விழுந்துவிடும்.

● உள்ளே போன அந்த மஞ்சள் கருதான் குட்டியின் கட்டுச்சோறு. முதல் ஒன்றிரண்டு வாரத்துக்கு வெளிச் சாப்பாடே தேவையில்லை. பிறந்து 7 முதல் 14 நாளுக்குள் முதல் சட்டையை உரிக்கும். அதற்கு முன்னால் கண் பால் பூத்தாற்போல மங்கிவிடும். சரியாகப் பார்வை தெரியாத அந்த நாட்களில் எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் பயப்படுமே தவிரச் சாப்பிடாது. சட்டை உரித்த பிறகுதான் பசி எடுக்கும். "சாப்பிடவே மாட்டேங்குது" என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேர் மூன்றாம் நாளே எலியைத் தூக்கிக்கொண்டு போனவர்களாக இருப்பார்கள் என்பது பூங்கா நண்பரின் கணக்கு.

● பழந்தமிழில் இதற்கு 'மாசுணம்' என்று பெயர். இலங்கைத் தமிழர்கள் 'வெங்கிணாந்தி' என்பார்கள். யானையையே விழுங்கும் என்று இலக்கியத்தில் புகழப்பட்ட இந்தப் பிராணி, பிறக்கும்போது ஒன்றரை இரண்டு அடி நீளம், நம் கட்டைவிரல் பருமன்.

● தாய் மலைப்பாம்பு முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு அடைகாக்கும். குளிர்ந்தால் உடல் தசைகளைச் சுருக்கிச் சுருக்கி, நடுங்குவதுபோலச் செய்து சூடு உண்டாக்கும். 1830-களில் லமார்-பிக்கோ என்ற பிரெஞ்சுக்காரர் இந்தியாவில் கண்டதை ஊருக்குத் திரும்பிச் சொன்னபோது, குளிர் ரத்தப் பிராணியாவது சூடு தருவதாவது என்று பாரிஸ் அறிஞர்கள் ஒதுக்கிவிட்டார்கள். 1841-ல் அதே பாரிஸில், அடைகாத்த ஒரு மலைப்பாம்பின் சூட்டை வாலென்சியென் என்ற விலங்கியலாளர் அளந்து காட்டினார். 1966-ல் நியூயார்க் பிராங்ஸ் விலங்குக் காட்சிசாலைப் பாம்பை வைத்து நடந்த ஆய்வு, சுற்றுப்புறத்தைவிடச் சில டிகிரி அதிகமாக அது சூடேற்ற முடியும் என்று உறுதிசெய்தது. சென்னை அக்கினி நட்சத்திரத்தில் அந்தத் தாய்க்கு இந்த வேலையே இருக்காது, பாவம், விசிறிதான் தேவைப்படும்.

இத்தனை பாடுபடும் தாய், அடைகாக்கும் இரண்டு மாதமும் ஏறக்குறையப் பட்டினிதான். ஆனால் குட்டிகள் வெளியே வந்த பிறகு ஊட்டுவது, இரை பிடிக்கக் கற்றுக்கொடுப்பது எதுவும் கிடையாது. நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டும் வழக்கம் அந்தக் குலத்தில் இல்லை.

● ஒரு முக்கியமான விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். நம் நாட்டு மலைப்பாம்பு 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலி, யானை வரிசை. வீட்டில் வைத்திருந்தால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். ஆகவே இதில் வரும் ஊட்டும் உபாயங்கள் எல்லாம் காட்சிசாலைக்காரர்களுக்கும் மீட்பு மையக்காரர்களுக்கும் உரியவை. நாம் வேடிக்கை பார்க்கிறவர்கள்.

● வேடிக்கை பார்க்க நல்ல இடம் கிண்டி. இந்தியாவின் முதல் பாம்புப் பண்ணை அங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவில் பிறந்து இந்தியாவில் வளர்ந்த ராமுலஸ் விட்டேகர், மியாமியில் ஒரு பாம்புப் பண்ணையில் வேலை கற்றுக்கொண்டு வந்து, முதலில் சேலையூரில் சிறிதாக ஆரம்பித்தார். 1972-ல் அது கிண்டிக்கு வந்தது. 1976-ல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணையையும் தொடங்கினார். 2018-ல் பத்மஸ்ரீ. சிறுவர் பூங்காவை ஒட்டியிருக்கும் பாம்புப் பண்ணைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. தெரியாமல் பேரக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு போய், காந்தி மண்டபத்தைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பிய அனுபவம் எனக்கு உண்டு.

கண்ணாடிக்குப் பின்னால் மலைப்பாம்பு அசையாமல் கிடக்கும். "செத்துப்போச்சாப்பா?" என்று ஒவ்வொரு ஐந்து நிமிஷத்துக்கும் ஒரு குழந்தை கேட்கும். ஒவ்வொரு அப்பாவும் கண்ணாடியைத் தட்டிப் பார்ப்பார். பாம்புக்கு நம் பேச்சைவிட அந்தத் தட்டல்தான் இடி மாதிரி. அதிர்வை அது தாடை எலும்பு வழியாகவும் உணர்கிறது. தயவுசெய்து தட்டாதீர்கள்.

● குட்டி சாப்பிடாததற்கு முதல் காரணம் பெரும்பாலும் எலி அல்ல, இடம். பெரிய கண்ணாடிப் பெட்டியில் தனியாக விட்டால் குட்டி நடுங்கிப்போகும். காக்கை, கீரி, உடும்பு என்று எல்லாருக்கும் இரையாகிற வயது அது. திறந்த வெளி என்றாலே ஆபத்து என்பது அதன் ரத்தத்தில் ஊறியது. பூங்கா நண்பர் செய்தது மிக எளிது. செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி அளவுக்கு ஒரு டப்பா, மூடியில் ஊசித் துளைகள், உள்ளே கசக்கிய பழைய பேப்பர், ஓரத்தில் தண்ணீர்க் கிண்ணம். உடம்பின் இரண்டு பக்கமும் ஏதாவது உரசிக்கொண்டிருந்தால்தான் பாம்புக்கு நிம்மதி. "அது அடம் பிடிக்கல சார், பயப்படுது. துணியப் போட்டு மூடிட்டு நீங்க காபி சாப்பிடப் போயிடணும்" என்றார்.

பெரிய பாம்புக்கும் இதே குணம்தான். ராஜஸ்தானில் பரத்பூர் கேவலாதேவ் பறவைகள் சரணாலயத்தில் மலைப்பாம்புகளை ஆராய்ந்தவர் கோவை சாலிம் அலி மையத்தைச் சேர்ந்த மறைந்த எஸ். பூபதி. அங்கே பத்தடிப் பாம்புகள் குடியிருப்பது முள்ளம்பன்றி தோண்டிய வளையில்.

● இரண்டாவது காரணம் சூடு. டப்பாவின் ஒரு பக்கம் 30-லிருந்து 32 டிகிரி, மறு பக்கம் கொஞ்சம் குளிர்ச்சி. குட்டி தனக்கு வேண்டியபடி நகர்ந்துகொள்ளும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதற்கு ஹீட்டிங் பேட், தெர்மோஸ்டாட் என்று கடை விரிக்கிறார்கள். சென்னையில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் சும்மா வைத்தாலே போதும். மார்கழியில்தான் சிக்கல். இரவில் 20, 21 டிகிரிக்கு இறங்கினால் பாம்பின் வயிறு வேலைநிறுத்தம் செய்துவிடும். சபா கேன்டீன்களில் நாம் கீரை வடையும் அசோகாவும் வெளுத்து வாங்கும் அதே மாதத்தில் வளர்ந்த மலைப்பாம்புகள் பெரும்பாலும் விரதம். அது அவற்றின் இணைசேரும் பருவமும்கூட.

● மலைப்பாம்பின் உதட்டு ஓரத்தில் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். அவை சூட்டைப் 'பார்க்கும்' கண்கள். கும்மிருட்டில்கூட ஓர் எலியின் உடல் சூடு அதற்குத் தெரிந்துவிடும். குழியில் இருக்கும் உணர்வான் எது என்று 2010-ல் டேவிட் ஜூலியஸின் ஆய்வகம் கண்டுபிடித்தது. வேடிக்கை என்னவென்றால், அதே வகை உணர்வான்தான் நமக்குக் கடுகின் நெடியை உணர்த்துகிறது. நமக்கு ஆவக்காய் ஊறுகாய், பாம்புக்கு எலியின் சூடு. மிளகாயின் எரிச்சலை நரம்பு எப்படி அறிகிறது என்று கண்டுபிடித்தவரும் இதே ஜூலியஸ்தான். 2021-ல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஆகவே ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த எலியை அப்படியே வைத்தால் குட்டிக்கு அது கல். முழுக்க உருகவைத்து, வெந்நீரில் போட்டுத் துடைத்து, உயிருள்ள எலியின் சூட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். தலைப்பக்கம் இன்னும் கொஞ்சம் சூடாக இருந்தால் நல்லது. பாம்பு பெரும்பாலும் தலையிலிருந்துதான் விழுங்கப் பார்க்கும். காலும் ரோமமும் அப்போதுதான் படிந்து போகும்.

● எவ்வளவு பெரிய எலி? குட்டியின் உடம்பில் தடிமனான இடம் எதுவோ, அந்தப் பருமன். ஆசைப்பட்டுப் பெரிதாகக் கொடுத்தால் விழுங்கிவிட்டு மறுநாள் கக்கிவிடும். கக்கிய குட்டியை மறுபடி வழிக்குக் கொண்டுவருவது முதல் தடவையைவிடக் கஷ்டம். ஒன்றரை, இரண்டு வாரம் வயிற்றுக்கு ஓய்வு கொடுத்து, அடுத்த முறை இன்னும் சிறியதாகக் கொடுக்க வேண்டும்.

உயிருள்ள பெரிய எலியைப் பெட்டியில் விட்டுவிட்டு மறந்துபோகக் கூடாது. பசியில்லாத பாம்பை எலி கடித்துக் குதறிவிடும். எலியிடம் தோற்ற பாம்புகளின் முதுகுத் தழும்புகளைப் பூங்கா நண்பர் நிறையப் பார்த்திருக்கிறார்.

● சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். எல்லாம் சரியாக இருந்தும் குட்டி முகத்தைத் திருப்பினால் அடுத்த அஸ்திரம் வாசனை. காட்டில் சில குட்டிகளுக்கு முதல் இரையாக அமைவது பல்லியோ தவளையோ சிறு பறவையோ. ஆகவே எலிக்குட்டியைச் சோப்பில்லாமல் கழுவித் துடைத்து, அதன் மேல் கோழிக்குஞ்சின் இறகையோ பல்லியின் உடம்பையோ தேய்த்துக் கொடுப்பார்கள். நம் பஞ்சாங்கத்தில் பல்லி எங்கே விழுந்தால் என்ன பலன் என்று ஒரு பக்கமே உண்டு. எலி மேல் தேய்த்தால் பலன் உண்டு என்பது மட்டும் அதில் விடுபட்டிருக்கிறது. அதற்கும் மசியாவிட்டால், செத்த எலிக்குட்டியின் மண்டையில் ஊசியால் ஒரு கீறல் போட்டு மூளை கொஞ்சம் வெளியே கசியும்படி வைப்பார்கள். கேட்க அருவருப்புதான். ஆனால் உலகம் முழுக்கப் பாம்பு வளர்ப்பவர்கள் இதை நம்பித்தான் இருக்கிறார்கள். நாக்கை ஒரு தடவை நீட்டிப் பார்த்ததுமே சில குட்டிகள் பாய்ந்துவிடும்.

நாக்கு என்றதும் நினைவுக்கு வருகிறது. பாம்புக்கு நாக்கு ருசி பார்ப்பதற்கில்லை. காற்றிலுள்ள வாசனைத் துகள்களை அள்ளிக்கொண்டுபோய் மேல்வாயில் இருக்கும் ஜேக்கப்சன் உறுப்பிடம் ஒப்படைக்கும் தபால்காரர் அது.

● கோழிக்குஞ்சு ருசி கண்ட சில குட்டிகள் பிறகு எலியைத் திரும்பியும் பார்க்காது. ஒரே சாப்பாட்டைப் பிடித்துக்கொள்ளும் குணம் பாம்பிலும் உண்டு. என் வீட்டில் தயிர்சாதம் மட்டுமே சாப்பிடும் ஒரு நபர் இருக்கிறார். பெயர் வேண்டாம்.

● விமான நிலையச் செய்திகளில் 'பால் பைத்தான்' என்று அடிக்கடி படிப்போம். பால் குடிக்கும் பாம்பு அல்ல, பயந்தால் பந்துபோலச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு. 2023 ஜனவரியில் பாங்காக்கிலிருந்து வந்து யாரும் உரிமை கோராத பெட்டிகளில் 45 பால் பைத்தான்களைச் சென்னை சுங்கத் துறையினர் எடுத்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் திருச்சியில், கோலாலம்பூரிலிருந்து வந்த ஒருவரின் டிராலிப் பையில் 47 மலைப்பாம்புகள். சாப்பாட்டுப் பிடிவாதத்தில் இந்த இனத்தை மிஞ்ச ஆளில்லை. வளர்ந்தவை மாதக்கணக்கில் வாயைத் திறக்காது. துணிப்பையில் அடைபட்டு, விமானக் குளிரில் உறைந்து வந்த குட்டி எப்படிச் சாப்பிடும்? இப்படிப் பிடிபட்டவை பல சமயம் வந்த ஊருக்கே அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பப்படுகின்றன. முறையாக வைத்திருக்கும் வெளிநாட்டு இனங்களையும் அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவுசெய்ய வேண்டும் என்று 2024-ல் விதி வந்திருக்கிறது.

● பால் என்றதும் புற்று நினைவுக்கு வராத மயிலாப்பூர்வாசி உண்டா? முண்டகக்கண்ணி அம்மன் கோயிலில் ஆலமரத்தடி நாகருக்கும் புற்றுக்கும் பாலும் முட்டையும் வைத்து வேண்டிக்கொள்கிறவர்கள் தினமும் வருகிறார்கள். அது வேண்டுதல், அதில் நமக்குத் தகராறு இல்லை. உயிரியல் சொல்வது இவ்வளவுதான்: பாம்புக்குப் பால் செரிக்காது. தாகத்தில் வாடிய பாம்பு எந்தத் திரவத்தை வைத்தாலும் குடிக்கும், அதில் பாலும் ஒன்று. சாப்பிடாத குட்டிக்கும் பால் ஊற்றக் கூடாது. தண்ணீர்தான் மருந்து. எலியில்லாமல் பல வாரம் தாங்கும் குட்டி, தண்ணீர் இல்லாமல் சீக்கிரம் சுருங்கிவிடும்.

● மலைப்பாம்பு வாயைத் திறக்கும்போது தாடை கழன்றுகொள்ளும் என்பது கதை. கீழ்த்தாடையின் இரண்டு பாதிகளும் முன்னால் எலும்பாக ஒட்டியிருக்கவில்லை, இழுபடும் தசைநாரால் சேர்ந்திருக்கின்றன. இடது பக்கம் ஒரு எட்டு, வலது பக்கம் ஒரு எட்டு என்று இரை மேல் தாடை 'நடந்து' போகிறது. வாய் அடைத்திருக்கும்போது மூச்சு? காற்றுக் குழாயின் வாய் முன்னால் நீண்டு, இரைக்குக் கீழே உதட்டோரம் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

● வெறும் வயிற்றில் மலைப்பாம்பு தன் குடலையே சுருக்கி வைத்துக்கொள்கிறது. ஆள் வராத நாளில் மெஸ்காரர் அடுப்பை அணைத்துவிடுவது மாதிரி. இரை விழுந்த மறுகணம் எல்லா அடுப்பும் எரியத் தொடங்கும். பெரிய இரையானால் உடலின் ஆற்றல் செலவு 40 மடங்குக்கு மேல் எகிறும். பர்மிய மலைப்பாம்பின் இதயம் 48 மணி நேரத்தில் 40 சதவீதம் பெருத்துவிடுவதாக 2005-ல் 'நேச்சர்' இதழில் ஆய்வு வந்தது. சாப்பிட்ட பாம்பின் ரத்தத்தில் உள்ள மூன்று கொழுப்பு அமிலங்கள்தான் இதைச் செய்கின்றன என்று 2011-ல் தெரிந்தது. மனித இதய நோய்க்கு இதில் ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கிறார்கள்.

இத்தனை ஏற்பாடும் உள்ளே நடக்கும்போது குட்டியைக் கையில் எடுத்துக் கொஞ்சினால் என்ன ஆகும்? கக்கிவிடும். சாப்பிட்ட பிறகு இரண்டு நாள் தொடக் கூடாது.

● இரண்டே பேர், 2017-ல் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போனார்கள். பாம்பு பிடிப்பதில் தேர்ந்த இருளர் பழங்குடியினரான வடிவேல் கோபாலும் மாசி சடையனும். வளர்ப்புப் பிராணியாகப் போய், காட்டுக்குள் புகுந்து பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க. முதல் எட்டு நாளிலேயே 13 பாம்புகள், அதில் ஒன்று 16 அடிப் பெண் பாம்பு. கையில் ஒரு கம்பி, கண்ணில் தடம், அவ்வளவுதான் கருவி. 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ. அங்கே பிரச்சினையின் அளவு தெரிய ஒரு கணக்கு: 2022-ல் ஃபுளோரிடாவில் காட்டப்பட்ட 98 கிலோ பெண் பாம்பின் வயிற்றில் உருவாகிக்கொண்டிருந்த முட்டைகள் 122. டப்பாவில் சாப்பிட மாட்டேன் என்கிற இனம், சதுப்புக் காட்டில் மான்வரை விழுங்கித் தீர்க்கிறது.

விஷப் பாம்புகளிலிருந்து விஷம் எடுக்கும், 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் இருக்கிறது. பாம்புத் தோல் வியாபாரம் தடையானதால் பிழைப்பு போனவர்களுக்கு, அதே பாம்பை உயிரோடு வைத்துப் பிழைக்க வந்த வழி.

● அடையாறு, கிண்டிப் பக்கம் தோட்டத்தில் புள்ளி போட்ட குட்டியைப் பார்த்து "மலைப்பாம்புக் குட்டிதானே" என்று கையில் எடுத்துவிடாதீர்கள். கண்ணாடி விரியன் குட்டியும் பார்க்க அப்படித்தான் இருக்கும். விரியன் முதுகில் சங்கிலி கோத்தாற்போல முட்டை வடிவப் புள்ளிகள் வரிசையாக ஓடும். மலைப்பாம்பின் திட்டுகளுக்கு வரிசையும் கிடையாது, ஒரே வடிவமும் கிடையாது. இந்தக் குழப்பத்தில் கடி வாங்கியவர்கள் உண்டு. பார்த்தால் விலகி நின்று வனத்துறைக்குச் சொல்வதே சரி.

● எல்லாம் பொய்த்தால் கடைசி வழி, வாயில் வைத்துக் கொடுப்பது. குட்டியின் கழுத்தை இரண்டு விரலால் மெதுவாகப் பிடித்து, எலிக்குட்டியின் மூக்கால் அதன் உதட்டை நெம்பி, பற்களில் மாட்டும்வரை உள்ளே வைத்துவிட்டு, அப்படியே சிலை மாதிரி அசையாமல் இருக்க வேண்டும். சில தடவை, துப்புவதற்குப் பதில் விழுங்கிவிடும். குழாய் போட்டு உள்ளே தள்ளுவது அதற்கும் அப்பால், மருத்துவர் வேலை. வாராவாரம் தராசில் எடை போட்டு, உண்மையிலேயே இளைக்கிறது என்று தெரிந்தால்தான் இந்தப் பக்கமே போக வேண்டும். நன்றாகத் தண்ணீர் குடித்து, உருண்டையாக இருக்கிற குட்டியின் வாயைப் பிளப்பது வீண் வதை. பதற்றம் மனிதனுக்கு, தண்டனை பாம்புக்கு.

● பூங்கா நண்பரைப் படுத்திய ஒரு குட்டி. கூடப் பிறந்தவை எல்லாம் சாப்பிட ஆரம்பித்து ஒரு மாதம் ஆகியும் அது மட்டும் மாட்டேன் என்றது. சூடு பண்ணிப் பார்த்தார், கோழி இறகைத் தேய்த்தார், இடுக்கியில் பிடித்து உயிருள்ள எலிபோல ஆட்டிக் காட்டினார். ஒன்றுக்கும் மசியவில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ரோமம் முளைக்காத எலிக்குட்டி ஒன்றை டப்பாவுக்குள் பேப்பருக்கடியில் வைத்து, மேலே ஒரு பழைய துண்டைப் போட்டுவிட்டு, எட்டிக்கூடப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட்டார். காலையில் மூடியைத் திறந்தால் எலிக்குட்டி இல்லை. பாம்பின் நடுவயிற்றில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு புடைப்பு.

"அன்னிக்கு நான் ரெண்டு காபி குடிச்சேன் சார்" என்றார்.

அடுத்த வாரம்?

"அதே மாதிரி வெச்சேன். வந்து மோந்து பாத்துட்டு, அந்தப் பக்கமா திரும்பிப் படுத்துக்கிச்சு."